நாலு பெட்டியில் வந்த சீனா

இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஐந்து வருடமாக இருந்த மனத்தாங்கலை பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் உட்கார்ந்துகொண்டே தீர்த்து வைத்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி செல்லாத்தாள். இன்னொருத்தி நான். டெல்லிக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், பெய்ஜிங்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மனத்தாங்கலால் எங்கள் ஊரில் ஒரு ஷெட் மூடப்பட இருந்தது என்பதில் மிகை இல்லை. அதை மூடவிடாமல் செல்லாத்தாள் தடுத்தாள் என்பதிலும் இல்லை.

செல்லாத்தாளுக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. நாலாம் வகுப்பு வரை படித்தவள். பன்னிரண்டு வயதில் நாற்று நட வயலில் இறங்கினாள், பதினேழில் கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஒரு நூல் மில்லுக்குப் போனாள். அங்கேதான் அவளுக்கு அந்தக் காது வந்தது. இரைச்சலுக்கு நடுவே எந்த மெஷினில் நூல் அறுந்தது என்று பார்க்காமலே சொல்வாள். சத்தம் சரியில்லை என்று தோன்றினால் மெஷினின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதைப் போல. மில் மூடிய வருடமே அவள் புருஷன் பனையிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தான். மகனை வளர்க்க வேண்டும். கமால் அப்போதுதான் எலப்புள்ளி ரோட்டில் ஒரு ஷெட் எடுத்து பிளாஸ்டிக் கேரி பேக் போட ஆரம்பித்திருந்தார். பாலக்காட்டில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் ராவுத்தர் குடும்பம் அவருடையது. செல்லாத்தாள் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தாள். ஒரு வருடத்தில் மெஷின் ஓட்டினாள், மூன்று வருடத்தில் அந்த ஷெட்டையே ஓட்டினாள்.

இரண்டாயிரத்து இருபது பிறந்தபோது கேரளத்தில் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. கமால் அதற்கு முன்பே சுதாரித்து, காகிதப் பை செய்யும் மெஷினுக்குச் சொல்லிவிட்டார். சீனாவில் ஜெஜியாங் மாகாணத்தில் ஒரு சின்ன ஊர், அதன் பேரைச் சொன்னால் எனக்கு நாக்குச் சுளுக்கும். நாலு பெட்டிகளாக மெஷின் கப்பலேறி, மார்ச் மாதம் இரண்டாம் வாரம் கொச்சி வழியாக எங்கள் ஊருக்கு வந்தது. ஒவ்வொரு பெட்டியும் ஒரு வீடு அளவு இருந்தது. சரி, ஒரு மாட்டுக்கொட்டகை அளவு. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஏப்ரலில் கம்பெனி ஆள் ஒருத்தர் வருவதாக ஏற்பாடு.

வந்தது ஊரடங்கு. ஜூனில் லடாக்கில், கல்வான் பள்ளத்தாக்கில் இரு நாட்டு ராணுவமும் மோதின. இருபது இந்திய வீரர்கள் இறந்தார்கள். அதோடு எல்லாம் அடைபட்டது. சீனர்களுக்கு விசா கிடையாது, நேர் விமானம் கிடையாது. அவர்களோடு பேச இருந்த வீசாட் என்ற செயலியும் தடையாகிவிட்டது. நம்முடைய வாட்ஸப் அங்கே கிடையாது, அவர்களுடையது இங்கே கிடையாது. நடுவில் இமயமலை வேறு.

கமால் ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் இருந்தவள். ஊரில் யாருக்காவது இங்கிலீஷில் கடிதம் வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள்.

"அம்மா, அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில் போடணும். ஆள் வருவாங்களா, வரமாட்டாங்களான்னு."

போட்டேன். மறுநாள் பதில் வந்தது. எழுதியவள் ஷென் லீ என்ற பெண். அவள்தான் ஏப்ரலில் வர இருந்த மெக்கானிக். 'நிலைமை சீரானதும் வருகிறேன், அதுவரை மெஷினை ஈரம் படாமல் வையுங்கள்.' நிலைமை என்ற அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு அரசாங்கங்களும் ஒரு மலைத்தொடரும் அடங்கியிருந்தன.

ஷெட்டில் செல்லாத்தாளைத் தவிரப் பதினோரு பெண்கள். மெஷின் ஓடும்வரை கையால் பை மடித்துப் பசை போடலாம் என்று செல்லாத்தாள்தான் சொன்னாள். மடித்தார்கள். மருந்துக்கடை, பேக்கரி, துணிக்கடை என்று கொஞ்சம் ஆர்டர் வந்தது. அந்த நாட்களில் ஒரு காலை, கொடியோடு ஏழெட்டுப் பையன்கள் ஷெட்டு வாசலுக்கு வந்தார்கள்.

"ஏனுங்க்கா, உள்ள சீனாச் சாமான் இருக்குதாமா?"

"இருக்குதுங்க கண்ணு. அது ஓடறதுமில்லீங்க, பேசறதுமில்லீங்க. உங்களுக்கு ஆகாதுன்னா அப்படியே தூக்கி அக்கட்டால வெச்சுப்போடுங்க. நாலு டன்னுதான்."

பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். பெட்டிகளைப் பார்த்ததும் அவர்களுடைய ஆவேசம் சற்று இறங்கியது. ஆளுக்கு ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் செல்லாத்தாள் பொறுமை இழந்தாள். "ஆளு வராட்டிப் போகுது. படம் போட்ட பொஸ்தகம் இருக்குதுல்லீங்க. நீங்க படிச்சுச் சொல்லுங்கம்மா, நான் பூட்டிப்போடறேன்."

நான் படித்துச் சொன்னேன். அவள் பூட்டினாள். பத்தாயிரம் திருகாணி. இல்லை, எண்ணூறு இருக்கும். ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. கரண்ட் கொடுத்ததும் மெஷின் முனகியது, திரை விழித்தது, உருளை சுழன்று காகிதத்தை ஒரு முழம் இழுத்தது. அப்புறம் நின்றது. திரையில் சிவப்பாக ஒரு வரி. 'காகிதம் வரும் வழியைச் சரிபார்க்கவும்.' வழியைச் சரிபார்த்தோம். மறுபடி ஒரு முழம், மறுபடி சிவப்பு. இப்படியே இரண்டு மாதம்.

ஷென் லீக்கு எழுதினேன். இரண்டு நாட்டிலும் தடையில்லாத ஒரு வீடியோச் செயலியை அவள் தேடிப் பிடித்தாள். செல்லாத்தாள் போனைப் பிடித்துக்கொண்டு மெஷினைச் சுற்றி வருவாள். ஷென் லீ இங்கிலீஷில் எழுதி அனுப்புவாள், நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வேன். ஷென் லீ ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் போட்டாள். பெல்ட், சரி. பிரேக், சரி. இடது பக்கம் சின்ன வட்டக் கண்ணாடியைக் காட்டச் சொன்னாள், செல்லாத்தாள் காட்டினாள். சிவப்பு, சரி, அடுத்தது என்று எழுதினாள். அடுத்தது என்பதை மட்டும் நான் தமிழாக்கினேன். எல்லாம் சரியாக இருந்தது, மெஷின் மட்டும் ஓடவில்லை.

இருபத்திரண்டில் ஒரு நாள் அவள் முகம் வாடியிருந்தது. அவர்கள் ஊரைத் தொற்றுக்காக அடைத்துவிட்டார்கள். தொழிற்சாலைக்குள்ளேயே பாய் போட்டுப் படுத்து வேலை செய்கிறார்கள், வீட்டுக்குப் போய் இருபது நாள் ஆகிறது. செல்லாத்தாள் மெஷினை விட்டுவிட்டு, "சோறு திங்கறயா அம்மிணி?" என்றுதான் அன்றைக்குக் கேட்டாள். அந்த வருடம் நவம்பரில் சீனாவில் பல ஊர்களில் ஜனங்கள் வெறும் வெள்ளைத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றதாகச் செய்தி வந்தது. எதையும் எழுதாமலே அடைப்பு போதும் என்று சொன்னார்களாம். எங்கள் ஷெட்டில் வெள்ளைத் தாள் உருளை உருளையாக இருக்கிறது, அதற்கு இப்படி ஒரு உபயோகம் உண்டு என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. அடுத்த அழைப்பில் செல்லாத்தாள் கேட்டே விட்டாள்.

"நீயும் போயி நின்னயா அம்மிணி?"

நான் அதை இங்கிலீஷாக்கி அனுப்பினேன். ஷென் லீ படித்தாள். ஒரு தடவை தன் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு, மூன்றாவது உருளையின் போல்டைக் காட்டுங்கள் என்று எழுதினாள்.

"வேண்டாமுங்கம்மா, இனி அதைய கேக்காதீங்க," என்றாள் செல்லாத்தாள் என்னிடம், கேட்டது ஏதோ நான் என்பதைப் போல.

சில வாரத்தில் அங்கே அடைப்பு நீங்கியது. அவர்கள் தொழிற்சாலைக்கு அமெரிக்க ஆர்டர்கள் குவிந்தன. ஷென் லீயை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் மெயில்களுக்குப் பதில் வருவது குறைந்து, நின்றே போனது. எலப்புள்ளியின் ஒரே ஒரு மெஷின் யாருக்கு ஞாபகம் இருக்கும்.

இருபத்துநாலு தொடக்கத்தில் கோயம்புத்தூரிலிருந்து பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து மெஷினைச் சுற்றிப் பார்த்தார். கமால் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"அக்கா, இது நடக்கும்னு எனக்குத் தோணலை. கைல மடிக்கிற பையை வெச்சு ஷெட்டை நடத்த முடியாது. இதை எடுத்துக்கறேன்னு இவர் சொல்றார். நானும் ஷெட்டை ஒழிச்சுக் கொடுத்திடலாம்னு பார்க்கறேன்."

"எடுத்துக்குவாருங்க. சும்மா நிக்கற பொண்ணை ஆரு வேணாலும் கேப்பாங்க."

"நாலு வருசம் ஆகுதுக்கா."

"எனக்கு மாப்பிளை அமையறதுக்கே நாலு வருசம் ஆச்சுங்க தம்பி. எங்கப்பன் என்னைய இரும்புக்குப் போட்டுப்போடலீங்களே."

இரும்புக்காரர் சிரித்துவிட்டார். கமாலுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தவரிடம் கேட்டால்தான் கிடைக்கும் என்று செல்லாத்தாளுக்குத் தெரியும். "ரெண்டு வருசம் குடுங்க. அதுக்குள்ள ஓட்டிக் காட்டறேன். ஓடலைன்னா நானே தார்ப்பாயைப் போட்டுக் கட்டிக் குடுத்துட்டு என்ற மகன் ஊட்டுக்குப் போயிடறேன்" என்றாள்.

மகன் திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். அம்மாவுக்கென்று ஒரு கட்டில்கூட வாங்கிப் போட்டிருந்தான். நல்ல பையன், நல்ல மருமகள். ஆனால் அங்கே அவள் காதுக்கு வேலை இல்லை. நாள் முழுக்க டிவிச் சத்தம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றப் பதினோரு பெண்களில் பாதிப் பேருக்கு அந்தக் கட்டிலும் கிடையாது. அதனால் இருபத்தாறு தொடக்கம் என்ற கெடு அவள் தலைக்குமேல் தொங்கியது.

அதுவரை அரசியல் செய்தி வந்தால் எழுந்து போய்விடுகிற செல்லாத்தாள், அதன் பிறகு என் வீட்டு டிவிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அந்த அக்டோபரில், எல்லையில் யார் எங்கே ரோந்து போவது என்று இரு நாடும் ஒப்பந்தம் செய்துகொண்டன. தலைவர்கள் இருவரும் சந்தித்தார்கள்.

"கை குடுத்துக்கிட்டாங்களாங்கம்மா?"

"கொடுத்துக்கிட்டாங்க."

"சிரிச்சாங்களா?"

"ஒருத்தர் கொஞ்சம். இன்னொருத்தர் இல்லை."

"பத்தாதுங்க," என்று சொல்லி எழுந்துபோனாள்.

அவள் கணக்குச் சரி. விசா உடனே வரவில்லை. அடுத்த ஏப்ரலில் அமெரிக்கா சீனச் சரக்குகள்மேல் வரிக்குமேல் வரி போட்டது. அந்த வாரமே, இரண்டு வருடமாக வாய் திறக்காத கம்பெனியிலிருந்து எனக்கு மெயில் வந்தது. 'எங்கள் மதிப்புக்குரிய நீண்டநாள் வாடிக்கையாளருக்கு' என்று தொடங்கியது. அமெரிக்க ஆர்டர் நின்றதும் எலப்புள்ளி ஞாபகம் வந்துவிட்டது. ஆகஸ்டில் அமெரிக்கா நம் தலையிலும் அதேபோல வரியை ஏற்றியது. ஒரே கையால் குட்டு வாங்கிய இரண்டு பேர் பெஞ்சில் கொஞ்சம் நெருங்கி உட்காருவதைப் போல இந்தியாவும் சீனாவும் நெருங்கின. சீனாவில் நடந்த ஒரு மாநாட்டில் தலைவர்கள் மறுபடி கைகொடுத்தார்கள். இந்தத் தடவை இருவரும் சிரித்தார்கள். செல்லாத்தாள் அதை மூன்று சானலில் பார்த்து உறுதி செய்துகொண்டாள். அக்டோபரில் நேர் விமானம் மறுபடி பறந்தது. அழைப்புக் கடிதத்தை நான் எழுத, கமால் கையெழுத்துப் போட, டிசம்பரில் ஷென் லீக்கு விசா கிடைத்தது.

அவள் குவாங்சோவில் ஏறி, கல்கத்தா, சென்னை என்று மாறி, கோயம்புத்தூரில் இறங்கினாள். கமால் காரில் கூட்டிவந்தார். குள்ளமான பெண், நாற்பது வயது இருக்கும், கையில் தன் உயரத்துக்குப் பாதி வரும் ஒரு கருவிப்பெட்டி. செல்லாத்தாள் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"வா அம்மிணி. அஞ்சு வருசம் பிந்தி வந்தாலும் வந்துட்ட."

ஷென் லீயின் போன் அதை அவளுக்குச் சீனத்தில் சொல்லியது. அவள் பேசியதைத் தமிழில் எங்களுக்குச் சொல்லியது. 'மன்னியுங்கள். இந்தியாவுக்கு விசா இல்லை என்று மட்டும் எங்களிடம் சொன்னார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.'

"நாங்களும் கேக்கலை," என்றாள் செல்லாத்தாள். "எங்களுக்கு டிவில சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

வந்ததும் ஷென் லீ செய்த முதல் காரியம், மெஷினை ஓடவிட்டு அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்லாத்தாள் பார்க்காத மாதிரி நின்றாள், ஆனால் அவள் முகம் மலர்ந்துபோயிருந்தது. மெஷின் வழக்கம்போல ஒரு முழம் இழுத்து நின்றது.

அன்று முழுக்க ஷென் லீ ஒவ்வொன்றாகக் கழற்றினாள், பார்த்தாள், மாட்டினாள். பூட்டிய வேலையில் ஒரு குற்றம் இல்லை என்றாள். சாயங்காலம் கமால் வாசலில் போய் நின்றார். செல்லாத்தாள் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை என்பதை டிபன் பாக்ஸைத் தூக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஷென் லீ ஒரு டார்ச்சை அடித்துக்கொண்டு மெஷினின் இடது பக்கம் குனிந்தாள். விரல் நுனி அளவு அந்த வட்டக் கண்ணாடி. டார்ச்சை அணைத்தாள், ஏற்றினாள், மறுபடி அணைத்தாள். பிறகு நகத்தால் லேசாகச் சுரண்டினாள். நகத்தில் சிவப்புப் பொடி ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனாள். சந்தன வாசனை.

பெண்கள் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்கள்.

நடந்தது இதுதான். இரண்டாயிரத்து இருபதில் பெட்டிகளைப் பிரித்து வைத்திருந்தபோது ஆயுத பூஜை வந்தது. சீனத்து மெஷின் என்று ஊரில் பேசுகிறார்களே, பொட்டு வைத்துவிட்டால் நம் வீட்டுப் பெண்தானே என்று அந்த வருடம் பெண்கள் ஒரு பாகம் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். கமால் எப்போதும்போலப் பொரிகடலை வாங்கிவந்து வாசலில் நின்றார். நான் சுண்டலுக்காகப் போயிருந்தேன். அந்த வட்டக் கண்ணாடி நெற்றி மாதிரி வழவழவென்று இருந்ததால் யாரோ அங்கேயும் ஒன்று வைத்திருக்கிறார்கள். வைத்த பொட்டை எங்கள் பக்கம் யாரும் அழிப்பதில்லை, அதுவாக உதிர வேண்டும். ஆகவே தூசி தட்டும்போதெல்லாம் பொட்டைச் சுற்றியே துடைத்தார்கள். வருடா வருடம் பழையதன்மேல் புதியது ஏறியது. சந்தனம் உதிர்ந்து வாசனை மட்டும் நிற்க, குங்குமம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது.

அதுதான் மெஷினின் கண். காகிதம் வருகிறதா என்று பார்க்கும் கண். அது திறந்திருந்தால் உள்ளே சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். ஷென் லீ தன் குறிப்பேட்டைப் புரட்டி நாலு வருடத்துக்கு முந்தைய பக்கத்தைக் காட்டினாள். சிவப்பு, சரி என்று டிக் போட்டிருந்தாள். வீடியோவில் அவள் பார்த்தது விளக்கு இல்லை, குங்குமம்.

அவள் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். பதினோரு பெண்களும் மூச்சை இழுத்தார்கள். அவள் என்ன தவறு செய்தோம் என்று விழித்தபடி நின்றாள்.

"நீ இரு அம்மிணி," என்றாள் செல்லாத்தாள். "வெச்ச கூட்டந்தான் எடுக்கோணும்."

முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, கன்னத்தில் ஒரு போடு போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்தாள். உள்ளே சிவப்பாகச் சின்ன விளக்கு எரிந்தது. துடைத்த விரலில் இருந்ததை மெஷினின் இரும்புச் சட்டத்தில், ஒன்றும் மறைக்காத இடமாகப் பார்த்து வைத்தாள். பிறகு சுவிட்சைப் போட்டாள்.

ஒரு முழம் வந்தது. அது நிற்கப்போகும் இடத்தையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். காகிதம் அதைத் தாண்டிப் போனது. மடிந்தது, பசை வாங்கியது, அறுந்து விழுந்தது. பை. அதன்மேல் இன்னொரு பை. நிமிடத்துக்கு ஆயிரம் என்று எழுத எனக்கு ஆசை. நூறு விழுந்திருக்கும்.

கமால் ஒரு காகித உருளையின்மேல் உட்கார்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெல்லச் சொன்னார். அப்புறம் எழுந்து, "அக்கா, ஷெட்டை விடலைன்னு ஓனர்கிட்ட இப்பவே சொல்லிடறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

செல்லாத்தாள் மெஷினின் பக்கவாட்டில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். "காச்சல் எறங்கிப்போச்சு" என்றாள். பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். திருப்பூருக்குப் போன் போட்டு, "சாமி, அந்தக் கட்டிலை உன்ற மாமியாருக்குக் குடுத்துப்போடு. நான் வர்ல. பொங்கலுக்கு வாரேன், ரெண்டு நாளைக்கு" என்றாள். அப்புறம் டிபன் பாக்ஸைத் திறந்து, ஷென் லீயைப் பக்கத்தில் உட்காரவைத்து, முந்தின நாள் பசியையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

ஷென் லீ நாலு நாள் இருந்து எல்லோருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது ஷெட்டில் பதினேழு பெண்கள்.

இதையெல்லாம் எழுதி முடித்து, நேற்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டுக்குப் போய் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கமால் சிரித்தார். பெண்கள் தலையாட்டினார்கள். செல்லாத்தாள் கடைசிவரை கேட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாம் நல்லாத்தானுங்கம்மா எழுதியிருக்கறீங்க. அந்தக் கண்ணாடிக்குப் பொட்டு வெச்சது யாரோன்னு ஒரு எடத்துல வருதுங்களே, அதைய மட்டும் மாத்திப்போடுங்க. நாங்க ரோலருக்கும் பெல்ட்டுக்கும் வெச்சுப்போட்டு வந்துட்டமுங்க. நீங்கதான் இங்கொண்ணு விட்டுப்போச்சுன்னு போயி நல்லா அழுத்தி வெச்சீங்க. ஒருக்கா இல்லீங்க, வருசா வருசமும்."